தண்ணீர் கொல்லும் செடி!

கடைவீதியில் சின்னஞ்சிறு தொட்டி. அதில் விரல் பருமனில் ஒரு பச்சைத் தண்டு. அதன் உச்சியில் செக்கச் செவேல் என்று ஓர் உருண்டை. அழகுக் கள்ளி!

குழந்தை கேட்கிறது. தாய் வாங்கித் தருகிறாள். அன்று முதல் குழந்தை தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறது. ஒரே மாதத்தில் தண்டின் அடி கூழாகிறது. செடி சாய்கிறது. குழந்தை அழுகிறது.

"முள் செடி வீட்டுக்கு ஆகாது என்று அப்போதே சொன்னேனே!" என்கிறாள் பாட்டி.

முள் என்ன செய்யும்? செடியைக் கொன்றது தண்ணீர். பழி சொல்ல வேண்டுமானால் விற்றவரைச் சொல்லலாம். காசை வாங்கும்போதே, "தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

இரவில் மூச்சு

இந்தக் கள்ளிக் குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். நம் வேலியோரச் சப்பாத்திக் கள்ளியும் அங்கிருந்து வந்ததுதான். (ஒடித்தால் பால் கொட்டும் சதுரக் கள்ளி வேறு குடும்பம். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.)

மழை குறைந்த நிலத்தில் வாழும் கள்ளி சிக்கனக்காரச் செடி. மற்றச் செடிகள் பகலில் துவாரங்களைத் திறந்து காற்றை இழுக்கும். அப்போது நீர் ஆவியாகிப் போகும். கள்ளியோ பகலில் மூடிக்கொள்ளும். குளிர்ந்த இரவில்தான் திறக்கும். இலைகள் முள்ளாகி விட்டன. தண்டே தண்ணீர்ப் பானை. பானை நிறைந்திருக்கும்போது வேரிலும் ஈரம் தேங்கினால், வேர் அழுகத்தானே செய்யும்?

ஈர்க்குச்சி போதும்

தண்ணீர் ஊற்றும் நாளை எப்படி அறிவது? ஒரு தென்னை ஈர்க்கை மண்ணில் அடிவரை செருகி எடுங்கள். மண் ஒட்டி வந்தால் ஈரம் இருக்கிறது, ஊற்றாதீர்கள். சுத்தமாக வந்தால் ஊற்றுங்கள். அடித் துவாரம் வழியாக நீர் வடியும்வரை ஊற்றலாம். தட்டில் தேங்குவதைக் கொட்டிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைக் கூரைக்கு அடியில் வைப்பது நல்லது.

கடைத் தொட்டியில் பெரும்பாலும் தேங்காய் நார்த் தூள்தான் இருக்கும். அது ஈரத்தை விடாது. பாதி செம்மண், பாதி பருமணல், கொஞ்சம் செங்கல் பொடி கலந்து மாற்றி நடலாம். பழைய செய்தித்தாளை நாலாக மடித்துச் செடியின் இடுப்பில் சுற்றிப் பிடித்தால் முள் குத்தாது. நட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீர் கூடாது.

சில கடைகளில் கள்ளியின் தலையில் காய்ந்த பூவைப் பசை போட்டு ஒட்டி விற்கிறார்கள். ஏமாற வேண்டாம்!

சிவப்புத் தலையின் கதை

சிவப்பு உருண்டை பூ அல்ல. அதுவே ஒரு தனிக் கள்ளி. 1941-ல் ஜப்பானில் வாட்டனபே என்பவர் வளர்த்த நாற்றுகளிடையே பச்சை நிறமே இல்லாத சிவப்பு நாற்றுகள் தென்பட்டன. பச்சையம் இல்லாத செடி தனக்கு உணவு தயாரிக்க முடியாது. எனவே அதைப் பச்சைக் கள்ளியின் மேல் ஒட்டுக் கட்டினார்கள். பிழைத்துக் கொண்டது! இன்று தென்கொரியா இந்தச் செடிகளை ஏராளமாக வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது.

கீழே இருப்பது சமைக்கிறது. மேலே இருப்பது சாப்பிடுகிறது. ஊரில் இப்படிப்பட்ட குடும்பங்களும் உண்டு!

பச்சையம் இல்லாத தலைக்கு உச்சி வெயில் ஆகாது, கருகிவிடும். காலை வெயில் படும் ஜன்னலே போதும். தலையைச் சுற்றி முளைக்கும் சிவப்புக் குட்டிகளைப் பிய்த்து மண்ணில் நட்டாலும் பிழைக்காது. அவற்றுக்கும் ஒட்டுத்தான் வேண்டும்.

நன்றாகக் கவனித்தாலும் இந்த ஜோடி சில ஆண்டுகளே வாழும். இதையும் விற்பவர்கள் சொல்வதில்லை. சிவப்புத் தலை வாடி விழுந்தால் பச்சைத் தண்டைக் குப்பையில் எறிந்து விடாதீர்கள். பெரும்பாலும் அது டிராகன் பழக் கொடியின் இனம். பெரிய தொட்டிக்கு மாற்றி, பக்கத்தில் ஒரு கம்பு நட்டு வைத்தால், பக்கத்திலிருந்து புதுக் கிளை விட்டுக் கம்பைப் பற்றி ஏறும்.