அரியர் வைத்த மந்திரவாதி

மந்திரவாதிக் கதை என்றாலே சின்னப் பசங்க சமாச்சாரம் என்று உதட்டைப் பிதுக்குகிறவன் நான். அர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவல் என் வாயை அடைத்துவிட்டது.

கதாநாயகன் கெட், ஆடு மேய்த்த பையன். அப்பா வெண்கலக் கொல்லர். தாய் இல்லை. நிறமும் செம்பழுப்பு. ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் சேர்கிறான். அங்கே பெரிய இடத்துப் பையன் ஜாஸ்பர் நக்கல் பண்ண, இவனுக்கு ரோஷம் தலைக்கேறுகிறது. செத்துப்போனவளின் ஆவியை வரவழைக்கிறேன் பார் என்று கிளம்ப, கூடவே ஒரு கொடிய நிழலும் வந்துவிடுகிறது! அதைத் தடுக்க வந்த தலைமை மந்திரவாதி உயிரையே விடுகிறார். முகத்தில் தழும்போடு பிழைத்த கெட், தன்னைவிடச் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து படிக்கிறான். நம்ம பாஷையில், அரியர்.

நிழலை அவன் என்ன செய்தான் என்பதை நீங்களே படியுங்கள். என்னைக் கேட்டால் கதையின் உச்சம் அது இல்லை. அந்த உலகில் ஒருவனின் உண்மைப் பெயர் தெரிந்தால் அவன் உயிரே நம் கையில். லேசில் யாரும் சொல்ல மாட்டார்கள். (நான் எழுதுகிற 'கெட்' கூட ரகசியப் பெயர்தான், ஊர் கூப்பிடுவது ஸ்பாரோஹாக்.) படிப்பை முடித்து ஊருக்குக் கிளம்பும் நண்பன் வெட்ச், தோற்றுப்போய் ஒதுங்கிக் கிடக்கும் இவனிடம் வந்து, கேட்காமலே தன் உண்மைப் பெயரைச் சொல்கிறான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் இவனும் தன் பெயரைச் சொல்கிறான்.