'ஹை ரிஸ்க்' அவள் உடம்பில் மட்டுமா?

தோழர்களே, ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கினால் 'ஹை ரிஸ்க் மதர்' என்று எழுதுகிறார்கள். சரி. அந்த ரத்தம் ஏன் வற்றியது என்று எழுத அட்டையில் கட்டம் உண்டா?

சிசுவின் குறைபாட்டைக் கண்டறியும் ஸ்கேனை 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம்தான். ஆனால் சேரியிலிருந்து தாலுகா மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. துணைக்கு வருபவரின் கூலியும் போச்சு. தள்ளிப்போட்டால் "ஏம்மா லேட்டு?" என்று ஏச்சு. 24 வாரம் தாண்டிக் குறை தெரிந்தால், 2021 கருக்கலைப்புத் திருத்தச் சட்டப்படி மருத்துவ வாரியத்தின் வாசலில் நிற்க வேண்டும்.

இதற்குப் பெயர் 'விழிப்புணர்வு இல்லாமை'யாம்! ஸ்கேன் நாளுக்குக் கூலி கொடுங்கள், வண்டி விடுங்கள். பிறகு வந்து விழிப்புணர்வு பேசுங்கள்.