கோழியைக் குறை கூறுமுன் தீனைப் பார்ப்போம்

வீட்டுக் கோழி வளர்ப்பு எமது கிராமப் பெண்கள் பலருக்குக் கைச்செலவுக்கு உதவும் வருமானமாகும். சந்தைக்குப் போகுமுன் வெடித்துவிடும் ஒவ்வொரு முட்டையும் அவர்களுக்கு நட்டமே. கோது மெலிந்த முட்டைகள் கூடும்போது, "இனம் சரியில்லை" என்று கோழியை விற்றுவிட்டு வேறு குஞ்சு தேடுவோர் பலர். தீனைக் கவனியாது இனத்தைக் குறை கூறுவது தவறு என்பதே எமது கருத்து.

கோது எவ்வாறு உருவாகிறது? ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 24 முதல் 26 மணித்தியாலங்கள் செல்லும். இதில் 18 முதல் 20 மணித்தியாலங்கள் வரை அது கோதுச் சுரப்பியிலேயே தங்கியிருக்கும். கோழியின் கொண்டையிலும் காலிலும் இச்சுரப்பியிலும் இருப்பவை ஒரே பரம்பரையலகுகளே. ஆனால் எல்லா இடத்திலும் எல்லாம் வேலை செய்வதில்லை. முட்டை வந்து சேர்ந்ததும், கோதுக்குரிய பரம்பரையலகுகள் அச்சுரப்பியில் மும்முரமாகச் செயற்படுகின்றன. அவற்றின் கட்டளைப்படி உருவாகும் கல்பைண்டின் என்னும் புரதம் கல்சியத்தைக் கடத்த உதவுகிறது. ஒவோகிளைடின்-17 என்னும் புரதம் கல்சியம் காபனேற்றுப் பளிங்குகள் ஒழுங்காகப் படியத் துணைசெய்கிறது. 2004 இல் கோழியின் பரம்பரையலகுத் தொகுதி வாசித்து வெளியிடப்பட்ட பின், இத்தகைய புரதங்கள் மேலும் பல அறியப்பட்டுள்ளன.

ஆயினும் கட்டளை மட்டும் போதுமா? மேசன் எவ்வளவு கெட்டிக்காரனாயினும் சீமெந்து இல்லாமல் சுவர் எழும்பாது. ஒரு கோதில் ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் உண்டு. தீனில் அது குறைந்தால் கோழி தன் எலும்பைக் கரைத்துக் கொடுக்கும். நாளடைவில் கோதும் மெலியும், கோழியும் நொண்டும்.

இனத்துக்குப் பங்கில்லை என நாம் கூறவில்லை. வயது ஏற முட்டை பெருத்துக் கோது மெலிவதும், கடும் வெயிலில் கோழி மூச்சிரைக்கும்போது கோது பாதிக்கப்படுவதும் உண்மையே. ஆனால் எமது கையில் உடனே இருப்பது தீன்தான்.

முட்டைக் கோழித் தீனில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கல்சியம் இருக்க வேண்டும். இறைச்சிக் கோழித் தீனில் ஏறத்தாழ 1 சதவீதமே உண்டு. தவிட்டில் அதைவிடக் குறைவு. எனவே நொறுக்கிய சிப்பியையோ, அவித்துக் காயவைத்து நொறுக்கிய முட்டைக் கோதையோ பின்னேரத்தில் தனிப் பாத்திரத்தில் வைக்கலாம். கோது பெரும்பாலும் இரவிலேயே படிகிறது. பருக்கையான துண்டுகள் அரைப்பையில் தங்கி, இரவு முழுவதும் மெல்லக் கரைந்து உதவும். குஞ்சுகளுக்கு இது வேண்டாம்; மிகை கல்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கோழிகளைப் பகலில் வெளியே விடுவதும் நன்று. வெயில் பட்டால் உடலில் விற்றமின் டி உருவாகும். அது இல்லாமல் குடல் கல்சியத்தைச் சரிவர உறிஞ்சாது.

தீனை மூட்டை பிரித்துக் கிலோக் கணக்கில் விற்போர், அது எந்தக் கோழிக்குரியது, கல்சியம் எவ்வளவு என்பதை எழுதி வைக்க வேண்டும். கால்நடைப் போதனாசிரியர்கள் குஞ்சு வழங்கும் அன்றே இதனையும் விளக்க வேண்டும். மாதர் சங்கங்கள் சிப்பியைக் கூட்டாக வாங்கிப் பங்கிடலாம். நல்ல இனக் குஞ்சைக் கொடுத்துவிட்டு, அதன் தீனைப் பற்றிச் சொல்லாமல் விடுவது அரைகுறை உதவியே.