எரிபொருள் லாரிக்கு எட்டாத மூடி

கணினியில் ஒரு முப்பரிமாண மாடலை வைத்துக்கொண்டு எல்லாப் பிரிவினரும் அதிலிருந்தே டிசைன் செய்வதுதான் இன்றைய நடைமுறை. டிராயிங் போர்டில் குனிந்தே முதுகு வளைந்த எங்களுக்கு அது ஒரு வரம் போலத்தான் தெரிகிறது. ஆனால் புது சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டால் குழுவின் வேகம் தானாகக் கூடிவிடும் என்று நிர்வாகங்கள் நம்புவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஏர்பஸ் ஏ380 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஓடும் ஒயர் மட்டும் சுமார் 530 கிலோமீட்டர். ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் காட்டியா சாஃப்ட்வேரின் 4-ஆம் பதிப்பு, பிரான்ஸில் துலூஸில் 5-ஆம் பதிப்பு. ஒரே கம்பெனி, ஒரே பெயருள்ள சாஃப்ட்வேர். ஆனாலும் இங்கே போட்டது அங்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. துலூஸில் பூட்டும்போதுதான் ஒயர் கட்டுகள் பொருந்தவில்லை என்று தெரிந்தது. ஹாம்பர்க்கிலிருந்து ஆட்களை வரவழைத்துக் கையாலேயே சரிசெய்தார்கள். 2006-ல் ஏர்பஸ் தலைவர் பதவி விலகினார். முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது.

பதிப்பு வேறானதுதான் காரணம் என்று இதைச் சுலபமாக முடித்துவிடுகிறார்கள். பூட்டும் இடம் வரைக்கும் இது யார் கண்ணிலும் படாமல் வந்தது எப்படி என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

போயிங் 777 அதற்கும் பத்துப் பன்னிரண்டு வருஷம் முந்தியது, 1994-ல் பறந்துவிட்டது. முழுக்கக் கணினியிலேயே டிசைன் செய்த முதல் பயணிகள் விமானம் என்று அதைச் சொல்வார்கள். அங்கே 200-க்கும் மேற்பட்ட சிறு குழுக்கள். டிசைன் செய்பவரோடு தொழிற்சாலைக்காரர், கருவி செய்பவர், பராமரிப்பவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். விமானத்தை வாங்கப்போகும் கம்பெனிகளின் ஆட்களும் வந்தார்கள். இறக்கையில் எரிபொருள் நிரப்பும் இடத்தைப் பார்த்த யுனைடெட் ஏர்லைன்ஸ்காரர்கள், எங்கள் லாரி எதுவும் இந்த உயரத்துக்கு எட்டாதே என்றார்கள். டிசைனை மாற்றினார்கள்.

இரண்டு குழாய் ஒன்றோடொன்று மோதினால் கணினி சொல்லிவிடும். லாரி எட்டாது என்பதை லாரிக்காரர்தான் சொல்ல வேண்டும். அவரை எந்தக் கட்டத்தில் கூப்பிடுகிறீர்கள் என்பதில்தான் குழுவின் வேகமே இருக்கிறது. கூட்டம் போட்டால் நேரம் வீண் என்பார்கள். வெட்டிக் கூட்டங்களை நானும் நிறையப் பார்த்தவன்தான். ஆனால் மாடலைத் திரையில் திறந்து வைத்து, அதைப் பூட்டப்போகிறவரை வாரம் ஒரு மணி நேரம் எதிரே உட்காரவைப்பதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.