குருசுக்குப்பத்துக் கருங்கல்லும் இரண்டு சதவீதப் பட்டியலும்

புதுச்சேரியின் குருசுக்குப்பத்தில் கடலைப் பார்க்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது கருங்கல்தான். படகை இழுத்து ஏற்றவும் வலையை உலர்த்தவும் மணல் இருந்த ஊர் இது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணலை அவை மறித்துக்கொண்டன. தெற்கே மணல் மேடிட, வடக்கே நகரத்தின் கரை கரைந்தது. அங்கே கல் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே தள்ளிப்போனது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று போய், பிறகு தமிழகக் குப்பங்களையும் தொட்டது.

மணல் ஏன் போனது, எப்படித் திரும்பும் என்று கண்டறிவது அறிவியல் வேலை. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் அலையையும் நீரோட்டத்தையும் அளந்து, 2018இல் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்கடியில் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தார்கள். முப்பது ஆண்டுகளாக மணலையே காணாத கடற்கரைச் சாலையோரம் மணல் வந்து சேர்ந்தது. இப்படிப்பட்ட உழைப்பை எந்த எண்ணால் அளப்பது?

கல்லூரி வாசல்களில் ஆண்டுதோறும் ஒரு பேனர் ஏறுகிறது. உலகின் தலைசிறந்த இரண்டு சதவீத விஞ்ஞானிகளில் எங்கள் பேராசிரியர்களும் உண்டு என்கிறது அது. ஸ்டான்ஃபோர்டு என்ற பெயர் அதில் பெரிதாக இருக்கும். அந்தப் பல்கலைக்கழகம் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. அங்கே பணியாற்றும் ஜான் அயோனிடிசும் அவருடைய குழுவினரும் 2019இல் வெளியிட்டு, பின்னர் புதுப்பித்துவரும் அட்டவணை அது. ஒருவருடைய கட்டுரையைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை ஸ்கோபஸ் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக் கணக்குப் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். அந்த வரிசைக்காகக் கட்டுரைகளை ஒருவரும் உட்கார்ந்து படிப்பதில்லை.

இப்படி விஞ்ஞானிகளுக்கு வரிசை எண் போடுவது தவறு. அதை வைத்து வேலையும் பதவி உயர்வும் வழங்குவது அநீதி. தயக்கமின்றி இதைச் சொல்கிறோம்.

யூஜின் கார்ஃபீல்டு 1960களில் அறிவியல் மேற்கோள் அட்டவணையைக் கொண்டுவந்தது நூலகத்தில் தேடுகிறவருக்காக. ஒரு கருத்து எங்கே பிறந்து எங்கெல்லாம் போனது என்று அறிவதற்காக. தேடுவதற்கு வந்த கருவியை மனிதரை எடைபோடத் திருப்பிவிட்டோம். மேற்கோள் என்பது பாராட்டும் அல்ல. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப்போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. அதை மறுப்பதற்காகவே எத்தனையோ பேர் மேற்கோள் காட்டினார்கள். எண்ணும் இயந்திரத்துக்கு அந்த மறுப்பும் ஒன்றுதான், புகழ்ச்சியும் ஒன்றுதான்.

நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. சென்னையிலுள்ள தனியார் கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் ஒருவர் 2017 வரை பெற்ற மேற்கோள்களில் 94 விழுக்காடு அவரும் அவருடைய இணையாசிரியர்களும் கொடுத்தவை என்று நேச்சர் இதழ் 2019இல் எழுதியது. அதை வெளிக்கொண்டுவந்தது அயோனிடிஸ் குழுவின் தரவுதான். அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எங்களுக்கு மனமில்லை. எண்ணைக் கேட்பது யார்? 2016 முதல் வெளிவரும் பல்கலைக்கழகங்களின் தேசியத் தரவரிசையில் ஆய்வுக்கென்றே 30 விழுக்காடு எடை இருக்கிறது. அதில் மேற்கோளும் அடக்கம். மேலிடம் நிர்வாகத்தைக் கேட்கிறது, நிர்வாகம் துறைத்தலைவரைக் கேட்கிறது, கடைசியில் சுமை வந்து விழுவது ஒப்பந்த ஊதியத்தில் இருக்கும் இளம் ஆய்வாளர் தலையில். பத்து ஆண்டுகள் ஒரே கரையை மாதந்தோறும் அளக்கும் பொறுமை அவருக்கு எங்கிருந்து வரும்?

குருசுக்குப்பத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில், செயின்ட் லூயி வீதியில், 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. தமிழறிஞர் தி. வே. கோபாலையர் தேவாரப் பதிப்பைச் செய்தது இந்த நகரத்தில்தான். இலக்கணத்தில் ஐயம் என்றால் உலகெங்குமிருந்து அறிஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். தமிழில் எழுதிய உரைநூலுக்கும் பதிப்புக்கும் ஸ்கோபஸில் என்ன இடம்? அவர் எந்தச் சதவீதத்தில் வருவார் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

எண்ணை விட்டால் சாதியும் சிபாரிசும் உள்ளே வரும் என்பார்கள். இந்த அச்சம் நியாயமானது. நேர்காணல் அறைகளில் அப்படித் தோற்கடிக்கப்பட்டவர்கள் பலர். அவர்களுக்கு எண் ஒரு கேடயமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் இன்று கட்டுரையாசிரியர் பட்டியலில் பெயர் சேர்க்கவே விலை பேசுகிறார்கள். பணமும் ஆள்பலமும் உள்ளவர் வாங்கக்கூடிய எண், வாய்ப்பில்லாதவரைக் காக்காது. மதிப்பிட்டவர் யார், என்ன படித்தார், ஏன் அந்த முடிவுக்கு வந்தார் என்பதைக் கையொப்பத்தோடு வெளியிடச் செய்தால் சிபாரிசுக்கு இடம் குறையும்.

புதுச்சேரியின் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் இந்த ஆண்டு அந்தப் பேனரைக் கட்டாமல் இருக்கட்டும். தேர்வுக் குழுவினர் விண்ணப்பதாரரின் மூன்று ஆய்வுகளை வாங்கி முழுக்கப் படிக்கட்டும். கரையை ஆராயும் பணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால் அவர் மணல் அளந்த பதிவேடு மேசைக்கு வரட்டும். அத்தோடு குருசுக்குப்பத்து மீனவர் ஒருவரையும் உட்காரவைத்து, அதில் எழுதியிருப்பது அவர் கண்ட கடல்தானா என்று கேட்கட்டும்.