படத்தில் நிற்பவரின் பங்கு

அச்சுக்கூடம் உடையவரே ஊருக்குச் செய்தி சொல்ல வல்லவராயிருந்த காலம் ஒன்றிருந்தது. 1841 இல் யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' வெளிவந்தபோது, அதன் பின்னே அமெரிக்க மிஷனின் அச்சகம் நின்றது. ஆறுமுக நாவலர் அவர்களும் 1849 இல் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்த பின்னரே தம் பதிப்புப் பணியை இங்கு நிலைபெறச் செய்தார். இன்றோ, பூவரசங்குளத்து வயல்வரம்பில் நிற்கும் இளைஞன் ஒருவன், கைப்பேசி ஒன்றினாலே ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ளார்க்குத் தன் ஊரைக் காட்டுகின்றான். அச்சகமும் வேண்டா, பத்திராதிபரின் இசைவும் வேண்டா. இம்மாற்றத்தை இகழ்வாருளர், நாம் இகழோம்.

இஃது ஒரு தொழிலுமாகும். யூரியூப் நிறுவனம் 2007 முதல் விளம்பர வருவாயில் ஒரு பங்கைக் காணொளி செய்வோர்க்கு அளித்து வருகின்றது. நீண்ட காணொளிகளுக்கு அப்பங்கு நூற்றுக்கு 55; எஞ்சிய 45 நிறுவனத்துக்குரியது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் பாட்டனாரும் பேரன்மாரும் வெட்டவெளியிற் சமைத்துக் காட்டிய 'வில்லேஜ் குக்கிங் சனல்', 2021 இல் ஒரு கோடி சந்தாதாரரை எய்திற்று. கைத்திறனுக்குக் கிடைத்த ஊதியம் அது.

ஆயின், எம் வடபுலத்தில் இத்தொழிலின் கிளையொன்று வேறு திசையிற் படர்ந்துள்ளது. 2009 இல் முடிந்த போரினால் துணையிழந்தோர், அங்கமிழந்தோர் இல்லங்களுக்குக் கமராவோடு சென்று, வறுமையை வினவி, கண்ணீர் பெருகும்வரை காத்திருந்து படம்பிடித்து, புலம்பெயர்ந்தோரிடம் உதவி திரட்டும் காணொளிகள் மலிந்துள்ளன. அவற்றால் உண்மையாகவே துயர் நீங்கிய குடும்பங்களும் உள. அதனை மறைத்தல் நேர்மையன்று.

எனினும் கணக்கொன்று கேட்க வேண்டியுள்ளது. செய்தவனுக்கு 55, நிறுவனத்துக்கு 45, படத்தில் நின்று அழுத தாய்க்கு எத்தனை? அவளுக்கு அக்கணக்கில் இடமே இல்லை. உதவிப் பணம் செலவாகித் தீர்ந்த பின்னும் அவள் முகம் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கும். அவள் பிள்ளை எம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றது. தாயின் கண்ணீரைத் தோழனின் கைப்பேசியிற் காணும் அப்பிள்ளையின் நிலையை யாவரும் எண்ணுதல் வேண்டும்.

முகம் காட்டாவிடின் உதவி வாராது என்பர் சிலர். வறியவர் இன்னார் என்பதைக் கிராம அபிவிருத்திச் சங்கம் அறியும், பாடசாலையும் அறியும். அவர்தம் சான்றையும் செலவுக் கணக்கையும் காட்டினாற் போதும். நம்பிக்கை கணக்கினால் வருவது, கண்ணீரால் வருவதன்று.

கடல் கடந்துறையும் பழைய மாணவர்களே, நீங்கள் பார்க்கும் நிமிடங்களே இத்தொழிலின் முதல். கண்ணீரைப் பார்க்க நேரம் கொடுத்தால், கண்ணீரைத் தேடியே கமராக்கள் செல்லும். உதவுங்கள், முகம் கேளாது உதவுங்கள்.

மாணவச் செல்வங்களே, நம் குளக்கட்டுகளும் நெல்வயல்களும் கூத்துக்களரியும் உங்கள் கமராவுக்காகக் காத்திருக்கின்றன. ஒருவரைப் படம்பிடிக்குமுன் அவர் இசைவைப் பெறுங்கள்; வெளியிடுமுன் அவருக்குக் காட்டுங்கள்; நீக்கச் சொன்னால் நீக்குங்கள்; வருவாய் வந்தால் அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள்.