எல்லை தாண்டினோமா, இல்லையா? டேப்பில் எடுத்த ஸ்கிரீன் ரெக்கார்டிங் சாட்சி சொல்லுமா?

ராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஒரு விசைப்படகு சிறைபிடிக்கப்பட்ட செய்தி வந்தால், கரையில் எழும் முதல் கேள்வி இதுதான்: "எல்லை தாண்டிட்டாங்களா?" தாண்டினார்கள் என்கிறது இலங்கைக் கடற்படை. பல நேரம் இல்லை என்கிறார்கள் மீனவர்கள். பாக் நீரிணையில் 1974-லும், மன்னார் வளைகுடாவில் 1976-லும் ஒப்பந்தம் போட்டு வகுத்த கோடு அது. கடலில் கண்ணுக்குத் தெரியாது. ஜிபிஎஸ் திரையில்தான் தெரியும்.

அப்போ டேப்பில் மேப்பை ஓடவிட்டு, ஸ்கிரீன் ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டால் போதுமே? நல்ல யோசனைதான். ஆனால் பாதி யோசனை.

எது வேலை செய்யும்?

ஆண்ட்ராய்டு 11 முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஐபேடில் 2017-லேயே வந்துவிட்டது. மேலிருந்து விரலை இழுத்தால் பட்டன் தெரியும். நடுக்கடலில் டவர் கிடைக்காதே என்று கவலை வேண்டாம். ரெக்கார்டிங்குக்கு இன்டர்நெட் தேவையில்லை. ஜிபிஎஸ் சிப் உள்ள டேப் என்றால், செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக இடத்தைக் கணித்துக்கொள்ளும். மேப்பை மட்டும் கரையிலேயே டவுன்லோடு செய்துகொள்ள வேண்டும். வைஃபை மட்டும் உள்ள பல டேப்களில் ஜிபிஎஸ் சிப் இருக்காது, வாங்கும்போதே பாருங்க.

எங்கே சிக்கல்?

ஸ்கிரீன் ரெக்கார்டிங் என்பது வெறும் வீடியோ. திரையில் என்ன தெரிந்ததோ அதைத்தான் படம் பிடிக்கும். அந்த இடம் உண்மையா என்று அதற்குத் தெரியாது. போலி லொகேஷன் காட்டும் ஆப் போட்டு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே கச்சத்தீவுக்குப் போய்வந்ததாக யாரும் ரெக்கார்டு செய்யலாம். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பதே இதைத்தான். ராத்திரி முழுக்க ஓடவிட்டால் சார்ஜும் தாங்காது, மெமரியும் தாங்காது.

இதைவிட நல்லது டிராக் பதிவு. ஜிபிஎக்ஸ் என்ற கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் மூன்றும் பதியும். 10 விநாடிக்கு ஒரு புள்ளி என்றாலும் 12 மணி நேரத்துக்கு 4,320 புள்ளிகள்தான். ஒரு எம்பிகூட வராது. இதையும் திருத்த முடியும் என்பது உண்மை. ஆனால் டிராக், ரெக்கார்டிங், டேப் மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் நம்பகம் கூடும்.

கோர்ட் என்ன கேட்கும்?

2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலைக் கொடுத்தால் சான்றிதழும் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். அது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு சிறு மாற்றம் செய்தாலும் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோ வழியிலேயே சுருங்கிவிடும், கைரேகையும் மாறிவிடும். அதனால் குரூப்பில் ஃபார்வர்டு செய்வதற்கு முன் அசல் கோப்பைத் தனியே சேமிங்க. டேப்பை ரீசெட் செய்யாதீங்க.

இன்னொன்று. கைதானவர்களின் வழக்கு நடப்பது மன்னார் போன்ற இடங்களில். அங்கே அந்நாட்டுச் சட்டம்தான். படகோடு டேப்பும் பறிமுதலானால் அதிலிருக்கும் பதிவும் போச்சு!

அதனால்தான் சொல்கிறேன், ஆதாரம் வைத்திருக்கும் பாரத்தை மீனவர் தலையில் மட்டும் கட்டக்கூடாது. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் உருவான டிரான்ஸ்பாண்டரை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்ட்டில் மத்திய அரசு தொடங்கியது. டவர் இல்லாமலே செயற்கைக்கோள் வழியாகப் படகின் இடம் கரைக்குத் தெரியும். எல்லை நெருங்கினால் எச்சரிக்கவும் செய்யும். அப்படியென்றால், படகு பிடிபட்ட மறுநாளே அந்த இரவின் பதிவைச் சான்றிதழோடு குடும்பத்துக்கும் வக்கீலுக்கும் தருவதை விதியாக்க வேண்டும்.

அந்தப் பதிவு நம் படகு தாண்டியது என்று காட்டினால்? காட்டட்டும். எதிர்க்கரையில் வலை அறுந்து நிற்கும் தமிழ் மீனவருக்கும் அந்தப் பதில் தேவைப்படுகிறது. தாண்டாத படகின் ஆட்கள் சிறையில் நாள் எண்ணுவதைவிட, உண்மை ரெண்டு கரைக்கும் தெரிவது நல்லது.